முலாம்பழத் தோட்டக்காரர்

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த டீச்சர் மதில்சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். முலாம்பழப் பாத்தியில் ஒருவர் காலை ஆறு மணிக்கே வந்து உட்கார்ந்திருந்தார். ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, பெண் பூவுக்குள் மெல்லத் தடவிக்கொண்டிருந்தார்.

"தேனீ செய்ற வேலையை நீங்க செய்றீங்களே!"

"இந்தப் பக்கம் தேனீ வர்றதில்லைங்க. அப்படியே விட்டா பிஞ்செல்லாம் உதிர்ந்துடும்."

டீ கொண்டுவந்த வீட்டம்மாவிடம் டீச்சர் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"உங்க தோட்டக்காரர் கைராசிக்காரர் போலிருக்கே. விதை போட்டு எத்தனை நாளாச்சு?"

"ரெண்டு மாசம்."

"எங்க வீட்டுக்கும் அனுப்பி வைங்களேன். ஆள் எப்படி, நம்பலாமா?"

"வேலை சுத்தம். பேச்சு கம்மி. கோபம் வந்தா மூணு நாள் சாப்பிட மாட்டார்."

"அதுகூடத் தெரியுமா! எத்தனை வருஷமா வர்றார்?"

"வந்துட்டுப் போறது ஒரு மாசமாத்தான். அதுக்கு முன்னாடி பதினெட்டு வருஷம் இங்கேயேதான் இருந்தார்." அவள் டீ டம்ளரை அவரிடம் நீட்டினாள். "விவாகரத்து ஆனப்போ வீடு எனக்குன்னு தீர்ப்பாச்சு. கொடி அப்பத்தான் பூ விட்டிருந்துச்சு. பழுக்கிற வரைக்கும் வந்து பாத்துக்கறேன்னு கேட்டார்."

டீச்சரின் தலை சுவருக்குப் பின்னால் இறங்கியது.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு டீயைக் குடித்தார்.

"இன்னும் ஒரு மாசத்துல எல்லாம் பழுத்துடும். அப்புறம் நான் வர வேண்டியதில்லை."

அவள் காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"அந்த ஓரத்துல இடம் சும்மாதானே கிடக்கு? நாளைக்கு வரும்போது விதை கொண்டுவந்து போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.