இரண்டு சொற்கள் கூடுதல்

மேற்படிப்பு விண்ணப்பக் கட்டுரைக்கு ஐந்நூறு சொற்கள்தான் கணக்கு. ஒன்று கூடினாலும் இயந்திரம் வாங்காது. பெனிட்டாவின் கட்டுரையில் இரண்டு கூடுதலாக நின்றன.

கைப்பேசி அடித்தது. பேராசிரியர் ஞானதிரவியம். எந்த மாணவர் கட்டுரையிலும் பெயர் வராத ஆசிரியருக்கு அந்த வருடத்தோடு வேலை போய்விடும் என்று சட்டம் வந்ததிலிருந்து மனிதர் தேனாகப் பேசினார். மற்ற பிள்ளைகள் எல்லாரும் அனுப்பி முடித்துவிட்டார்கள். ஒருவரும் அவர் பெயரை எழுதவில்லை.

"ஏம்மா, எம் பேரு இருக்குல்லா?"

இருந்தது. நன்றிப் பட்டியலின் கடைசியில், 'பேராசிரியர் ஞானதிரவியம்' என்று.

மூன்று வருடம் உப்பளத்தில் வெந்து அவள் செய்த ஆராய்ச்சி அச்சில் வந்தபோது, அதில் அவருடைய மருமகன் பெயர் இருந்தது. அவள் பெயர் இல்லை. அழுதுகொண்டே போய்க் கேட்டவளிடம், "எடம் பத்தலம்மா" என்று சொல்லிவிட்டு வடையைக் கடித்தவர் அவர்.

விடுமுறையிலும் ஆய்வகத்தைத் திறந்துவிட்ட வாட்ச்மேன் சுடலைமுத்துவின் பெயரை அவள் தொடவில்லை. அதற்குக் கீழே இருந்த இரண்டு சொற்களை அழித்தாள். ஐந்நூறு. அனுப்பினாள்.

"என்னம்மா, எம் பேரு இருக்கா இல்லியா?"

"எடம் பத்தல சார்."