நின்றுபோன தோட்டா

“இதே மாதிரி தோட்டா நாலு வேணும் அண்ணாச்சி. இருக்கா?”

முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு வெற்றுத் தோட்டாக் கூட்டை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியின் மேல் நிறுத்தினாள் அந்தப் பெண். கட்டைவிரல் பருமன். பித்தளை கறுத்துப் போயிருந்தது.

கடைக்காரர் எஸ்றா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். தூத்துக்குடியில் துப்பாக்கியும் தோட்டாவும் விற்க லைசென்ஸ் வாங்கிய கடை. அவருடைய அப்பா காலத்தில் ஜமீன்தார்களும் துறைமுகத்து வெள்ளைக்காரர்களும் தேடி வந்த கடை.

அவர் கூட்டைக் கையில் எடுக்கவில்லை. அடியில் பொறித்திருந்த எண்ணை மட்டும் பார்த்தார்.

“இல்லம்மா. இந்த அளவு இப்ப வாரதில்ல. சீமையிலேயே செய்யறத நிறுத்தி முப்பது வருசம் ஆச்சு.”

சொல்லும்போதே காது மடல் சூடேறியது. இந்தக் கடையில் ‘இல்லை’ என்று சொல்ல அவருக்கு இத்தனை வெட்கமாக இருந்ததில்லை.

“பழைய சரக்கு ஏதும் ஒதுங்கிக் கிடக்காதா அண்ணாச்சி?”

“கிடக்காது. இந்த உலகச் சண்டை வந்த பிறகு நடப்புல உள்ள தோட்டாவே கப்பல்ல வாரதில்ல. எல்லாம் பட்டாளத்துக்குப் போயிருது.” அவர் துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்திருந்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். “எந்த ஊரும்மா?”

“விளாத்திகுளத்துக்கு மேக்க. பேரு சுடலைமாடத்தி. காட்டுப்பன்னி சோளக்காட்டை உழுது போட்டுட்டுப் போகுது. வீட்டுல பழைய ரைபிள் ஒண்ணு கிடக்கு. தோட்டாதான் இல்ல.”

ரைபிளுக்கு லைசென்ஸ் எங்கே என்று அவர் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

“வீட்டுக்காரர் வரலையா?”

“அவுக வார நிலைமையில இல்ல.”

எஸ்றா பானையிலிருந்து தண்ணீர் மோந்து கொடுத்தார். அவள் அண்ணாந்து குடித்தாள். விடியலில் கரிப்புகையில் ஓடும் பஸ் ஏறி வந்திருப்பாள் போல. சேலையெல்லாம் புழுதி.

“மதுரையில பெரிய கடை இருக்கு. அங்கன கேட்டுப் பாரேன்” என்றார்.

“போனேன். திருநெல்வேலியிலயும் பாளையங்கோட்டையிலயும் ஏறி இறங்கியாச்சு. ஒரு கடையில வாசப்படி ஏறவே விடல. பொம்பளைக்கு எதுக்குத் தோட்டான்னு சிரிச்சாக. முந்தாநாள் காயல்பட்டணத்துல வாவு முதலாளி வீட்டுக்கும் போனேன்.”

துணி பிடித்த கை நின்றது.

“வாவு முதலாளியா? அவரு என்ன சொன்னாரு?”

“அந்தக் காலத்துல கொழும்புல இருந்து கொண்டாந்து வித்தாராம். இப்ப கைவசம் இல்லன்னுட்டாரு.”

எஸ்றா மெல்ல மூச்சு விட்டார். பிறகு குரலில் ஒரு கனிவு வந்தது. தேவைக்கு மேற்பட்ட கனிவு.

“இதுக்குன்னு ஒரு பொம்பள இப்படி அலையக் கூடாது, தாயி. நான் ஒண்ணு செய்யுதேன். எனக்குத் தெரிஞ்ச வேட்டைக்காரங்க ரெண்டு பேரை உங்க ஊருக்கு அனுப்புதேன். பன்னிய ஒழிச்சுக் குடுத்துட்டு வருவாங்க. நீ ஒண்ணும் தர வேண்டாம்.”

“நீங்களே வாங்களேன் அண்ணாச்சி. நீங்களும் நல்லாச் சுடுவீகன்னு சொன்னாக.”

“நானா? நான் துப்பாக்கி தூக்கி ரொம்ப நாளாச்சு.”

“எங்க காட்டுப் பக்கம் வந்திருக்கீகளா?”

“இல்ல.” பதில் சட்டென்று வந்துவிட்டது. “அந்தப் பக்கமே வந்ததில்ல.”

சொல்லிவிட்டு அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். வெளியே உப்பு மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று துறைமுகத்தை நோக்கிப் போயிற்று. அது கண்ணுக்கு மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பியபோது அவள் அதே இடத்தில் நின்றிருந்தாள். முதன்முறையாக அவர் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தாள்.

“அப்ப இந்த ஜில்லாவுல இந்த மாதிரி ரைபிள் வேற யாருகிட்டயுமே கிடையாதா அண்ணாச்சி? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“கிடையாதும்மா.” மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். “எனக்குத் தெரிஞ்சு கிடையாது.”

அவள் கோபப்படவில்லை. அவர் சொன்ன சொல்லுக்கு அவள்தான் கூசிப்போனவள் போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

“வாவு முதலாளி வேற ஒண்ணும் சொன்னாரு” என்றாள் மெதுவாக. “மிச்சம் இருக்கிறது ஒரே ஒரு ரைபிள்தானாம். அதுக்குக் கடைசிப் பெட்டித் தோட்டாவை உங்க கையிலதான் குடுத்தாராம்.”

எஸ்றா ஒரு எட்டு பின்வாங்கினார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

“எங்க வீட்டுல துப்பாக்கியே கிடையாது அண்ணாச்சி. போன மாசி மாசம் எம்புருசன் ஆடு மேய்க்கப் போன இடத்துல, குண்டடி பட்டுக் கிடந்தாரு. அங்கன ஒரு உடைமுள்ளு மரத்தடியில கிடந்த கூடு இது. பொழுது சாயிற வரைக்கும் உசுரு இருந்துச்சு. ‘மான்னு நினைச்சுத் தெரியாமச் சுட்டுட்டாரு, பாவம், கிட்ட வந்து பார்த்துட்டுப் பயந்து ஓடிட்டாரு, போலீசுக்குப் போகாதே’ன்னு சொல்லிட்டுத்தான் செத்தாரு. அவரு சொன்னபடி நான் போலீசுக்குப் போகல. உங்க வாயால ஒரு வார்த்தை ஒத்துக்கிடுவீகளான்னு பார்க்கத்தான் வந்தேன்.”