மிஸ்டர் பூட்டாடன்

“இப்ப என்ன காரணம் சொல்லுதாங்க டீச்சர்? பைலட் பல்லு விளக்கிக்கிட்டு இருக்காராமா?”

கணேஷ்ராம் நாலு பேர் காதில் விழும்படியே கேட்டான். வாகைக்குளம் விமான நிலையத்தில் அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த ஜெபராணி டீச்சர், முறுக்கைக் கடித்தபடி சொன்னார்.

“விமானம் வந்துட்டு தம்பி. கிளம்பும்னு மட்டும் இன்னும் சொல்லல.”

மலிவு விலை டிக்கெட். குறைந்த காசுக்கு நிறைய நேரம் உட்கார வைக்கிற தாராள மனசுக் கம்பெனி. முதலில் ஒன்பது மணி என்றார்கள். பிறகு பத்தரை என்றார்கள். அதற்குப் பிறகு மணியைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள்.

“மத்தியானம் சென்னையில எனக்கு விசா இன்டர்வியூ டீச்சர். இதை விட்டா அடுத்த தேதிக்கு ஆறு மாசம் ஆகும். எம் பொண்டாட்டி கலையரசி வெளிநாட்டுல நர்ஸா இருக்கா. நேர்ல பாத்து ரெண்டு வருசமாச்சு” என்றபோது கணேஷ்ராமின் குரல் கொஞ்சம் இறங்கியது.

“இதுக்கு முன்னால விசா கேக்கலையா?”

“கேக்காமலா? ஒரு தடவை, போட்டோவுல சிரிக்கேன்னு திருப்பி அனுப்பிட்டான். இன்னொரு தடவை, ஊருக்குத் திரும்பி வருவேன்கிறதுக்கு என்ன ஆதாரம்னு கேட்டான். ஏரல்ல வாழைத்தோட்டம் இருக்குன்னேன். வாழை எத்தனை மாசத்துப் பயிர்னு கேட்டுட்டு அதுவும் பத்தாதுன்னுட்டான். போன தடவை, விண்ணப்பத்துல ஏதோ ஒரு கட்டம் காலியா இருக்காம். காலியா இருந்தா நீயே கோடு போட்டுக்கிட வேண்டியதுதான?”

“இப்ப எல்லாம் சரியா இருக்கா?”

“பாளையங்கோட்டை ஏஜென்ட் ரசீத் பாய் புதுசா பாஸ்போர்ட் எடுத்து, இந்த டிக்கெட்டும் போட்டுத் தந்துட்டாரு. ஒரு கட்டம் பாக்கி இல்ல.”

கைப்பேசி அடித்தது. திரையில் ‘அப்பா’ என்று வந்தது. கணேஷ்ராம் அதை அமர்த்தினான்.

“எடுத்துப் பேசுங்க தம்பி.”

“ஏறிட்டியா, ஏறிட்டியான்னு கேப்பாரு டீச்சர். காலையில ஆட்டோவுல ஏறும்போதே ஏதோ சொல்ல வந்தாரு. காது குடுத்தா அம்புட்டுதான், விமானம் போயிரும்.”

“விமானம் எங்க போச்சு? இங்கனதான நிக்கு” என்றார் டீச்சர்.

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. வடக்கேயிருந்து புதிதாக வேலைக்கு வந்த பெண் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அறிவித்தாள். சென்னை செல்லும் பயணி மிஸ்டர் பூட்டாடன் உடனே லக்கேஜ் கவுண்டருக்கு வர வேண்டுமாம்.

“பூட்டாடனா? எந்த ஊர்ப் பேரு டீச்சர் இது?”

“பூட்டான் நாட்டுக்காரரா இருக்கும்” என்றார் முப்பது வருடம் பூகோளம் நடத்திய டீச்சர்.

அறிவிப்பு மறுபடி வந்தது. மறுபடியும் வந்தது. பூட்டாடன் மட்டும் வரவில்லை. கடைசியில் விமானக் கம்பெனி ஊழியர் மாரிசெல்வம், கையில் வாக்கிடாக்கியோடு பயணிகள் முன்னால் வந்து நின்றார்.

“எல்லாரும் மன்னிச்சுக்கிடுங்க. ஒரு பயணியோட லக்கேஜ்ல தீப்பிடிக்கிற சாமான் இருக்கு. அவர் வந்து பையைத் திறந்து காட்டுனாத்தான் விமானம் கிளம்பும்.”

கணேஷ்ராம் துள்ளி எழுந்தான்.

“இம்புட்டு நேரம் உங்களால லேட்டு. இனி எவனோ ஒரு பூட்டாடனால லேட்டா? அது பேராவே? பெத்தவங்க பேரு வச்சாங்களா, வஞ்சாங்களா? அந்தாளையும் பையையும் இங்கனயே இறக்கிப் போட்டுட்டு விமானத்தை எடுங்கவே!”

“ஆமா, எடுங்க!” என்று கூட்டம் சேர்ந்துகொண்டது.

“பாவம் தம்பி. அவருக்கும் என்ன அவசரமோ?” என்றார் டீச்சர்.

“அவசரம் இருக்கவன் கூப்பிட்டதும் வரணும் டீச்சர். செவிட்டுப் பயலுக்கெல்லாம் விமானம் எதுக்கு?”

மாரிசெல்வம் வாக்கிடாக்கியில் பேசிவிட்டுத் தலையாட்டினார். கூட்டம் கை தட்டியது. முன்பின் தெரியாத ஒருவர் வந்து கணேஷ்ராமுக்குக் கை கொடுத்தார். இத்தனை வருடத்தில் ஓர் அலுவலகம் அவன் சொன்னதைக் கேட்டது இதுதான் முதல் தடவை. பூரித்துப் போனான். மறுபடி அடித்த அப்பாவின் அழைப்பை இன்னும் வேகமாக அமர்த்தினான்.

விமானத்தில் ஏறும் வரிசையில் முதல் ஆளாக நின்றான். மாரிசெல்வம் அவனது போர்டிங் பாஸை இயந்திரத்தில் வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி வைத்தார். மறுபடியும் சிவப்பு.

“அண்ணாச்சி, உங்க பேரு?”

“கணேஷ்ராம்.”

“அது சரி. கூடவே ஒரு குடும்பப் பேரு இருக்கே?”

“நமக்கு ஏதுவே குடும்பப் பேரு? கட்டம் காலியா இருக்கக் கூடாதுன்னு ரசீத் பாய் எங்க அப்பா பேரைப் போட்டிருக்காரு.”

மாரிசெல்வம் ஆங்கில எழுத்தில் இருந்த அந்தப் பெயரை ஒரு தடவை நம்ம ஊர் வாயால் வாசித்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

“பூதத்தான்... அதைத்தான் அந்தப் பொண்ணு பூட்டாடன்னு வாசிச்சிருக்கு அண்ணாச்சி. நீங்க சொன்னபடியே உங்களையும் பையையும் இறக்கிப் போட்டாச்சு.”

பின்னால் நின்றவர்கள் அவனைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். கை கொடுத்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். கைப்பேசி மறுபடி அடித்தது. இந்தத் தடவை எடுத்தான்.

“ஏலே, ஏறிட்டியா? காலையில சொல்ல வந்தேன், நீ காது குடுக்கல. உனக்கு விசா கிடைக்கணும்னு குலசாமிக்கு வேண்டி, உன் பைக்குள்ள சூடமும் தீப்பெட்டியும் வச்சிருக்கேன். மறக்காம ஏத்திக் கும்பிட்டுட்டுப் போ!” என்றார் பூதத்தான்.