பழையதன் மேல் புதியது

டாக்சியின் முன்கண்ணாடிக்குக் கீழே கேமராவின் சிவப்புப் புள்ளி மினுக்கிக்கொண்டிருந்தது.

ஓடுகிறது என்று அர்த்தம். ஓடினால் அழியும். அது அவனுக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேலுமயிலுக்குத் தெரியாது.

காலையில் வேலுமயிலின் மனைவியை ஒரு மினி வேன் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. பின்னால் வந்த டாக்சி இவனுடையது. டாக்சியில் கேமராவைப் பார்த்துவிட்ட கூட்டம் விடுமா? பதிவை உடனே போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பச் சொன்னது. எல்லோரும் எதையும் அனுப்புகிற வழியில், வாட்ஸ்அப்பில் அனுப்பினான்.

வாட்ஸ்அப் பிழிந்த பிழியில் நம்பர் பிளேட் சக்கையாகிவிட்டது. எஸ்.ஐ. பெரிதாக்கிப் பார்த்தார். மஞ்சளும் கறுப்புமாகக் கட்டங்கள். மூன்றா, எட்டா?

"இதவிடத் தெளிவா இருக்காய்யா?"

"கேமராவுல வந்ததத்தான் சார் அனுப்புனேன்."

பொய்யில்லை. அந்தச் சாமர்த்தியம்தான் அவனை அரித்தது.

ஏனென்றால் அதற்குள், ஸ்டேஷன் வாசலிலேயே, கேமராவின் மெமரி கார்டில் இருந்த அசல் பதிவை அவன் பார்த்துவிட்டான். அதில் நம்பர் பளிச்சென்று இருந்தது. தங்கச்சி மாப்பிள்ளையின் வேன். வாங்கிய அன்று டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தவனே இவன்தான்.

எதையும் அழிக்க வேண்டியதில்லை. அதுதான் வசதி. கடைக்காரர் பேச்சைக் கேட்டு கேமராவை இருப்பதிலேயே உயர்ந்த தரத்தில் வைத்திருந்தான். தெளிவாக எடுத்தால் கார்டு சீக்கிரம் நிறையும். நிறைந்ததும் பழையதன் மேலேயே புதியதை எழுதும். அவன் பாட்டுக்கு வண்டி ஓட்டினால் போதும். சாயங்காலத்துக்குள் காலை காணாமல் போய்விடும்.

ஓட்டினான். மத்தியானம் சாப்பிடக்கூட நிறுத்தவில்லை.

சாயங்காலம் ஸ்டேஷனைத் தாண்டும்போது கைகாட்டியது வேலுமயில். நிறுத்தாமல் போக மனசு வரவில்லை.

"பெரியாஸ்பத்திரிக்குண்ணே. இன்னும் கண்ணு முழிக்கல."

பாலத்தின் மேல் வண்டிகள் ஊர்ந்தன. அவன் கேமராவின் பொத்தானை அழுத்திப் பார்த்தான். சின்னத் திரையில் வரிசை விரிந்தது. காலையில் எடுத்தது இன்னும் இருந்தது. அடுத்து அழிய வேண்டியது அதுதான்.

பதிவு மறுபடி ஓட ஆரம்பித்தது. நிமிடக் கணக்குதான்.

வேலுமயில் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத ஆஃப் பண்ணிராதீங்கண்ணே. ஓடட்டும். எங்களுக்குப் பிரயோஜனப்படாட்டியும் நாளைக்கு இன்னொருத்தருக்கு உதவும்."

அவன் கண்முன் தங்கச்சி முகம் வந்து நின்றது. பிள்ளைகள் முகமும். பயமாக இருந்தது. பயத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது.

பாலம் இறங்கியதும் ஓரங்கட்டினான்.

வயரைப் பிடுங்கினான். புள்ளி அணைந்தது. நகம் நுழையாத இடுக்கிலிருந்து கார்டை எடுப்பதற்குள் இரண்டு தடவை நழுவியது.

எடுத்து, வேலுமயிலின் கையில் வைத்தான்.

"என்னண்ணே இது?"

"இதுல நம்பர் தெளிவா இருக்கு. எங்க தங்கச்சி வீட்டுக்காரர் வண்டி."

வேலுமயில் கையை மூடிக்கொண்டார். மற்ற கை கதவுக்குப் போனது. திறக்கவில்லை. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"ஆஸ்பத்திரிக்கு விடுங்க."

அதற்குப் பின்னால் ஓர் 'அண்ணே' வருமா என்று கொஞ்சம் காத்திருந்துவிட்டு அவன் கியரைப் போட்டான்.