திரும்பி வந்த பட்டு

துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில் வீட்டு முன்னறையிலிருந்தே இணையத்தில் சேலை விற்கும் உஷாராணி, திரும்பி வந்த பார்சலைக் கத்தரியால் பிரிக்கிறாள். வாடிய மல்லிகையும் சென்ட்டும் கலந்த வாசம் குப்பென்று எழுகிறது. உள்ளே மாம்பழ நிறப் பட்டு. ‘படத்தில் கண்ட நிறம் இல்லை’ என்று வாங்கியவள் போட்ட புகாரை நம்பி, விற்பனைச் செயலிக்காரர்கள் அவளுக்கு முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பார்சல் திரும்பி வந்த செலவையும் உஷாராணி தலையில் கட்டிவிட்டார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் சேலையைப் பிரித்துப் பிடிக்கிறாள். கொசுவ மடிப்புகள் இன்னும் கலையவில்லை. தோளில் குத்திய ஊக்கு அப்படியே மின்னுகிறது. முந்தானை ஓரத்தில் சாம்பார்க் கறை. துறைமுகத்து லோரி ஒன்று தெருவைக் கடக்க, ஜன்னல் கண்ணாடி கிடுகிடுக்கிறது.

“நெறம் சரியில்லன்னுட்டு, கட்டிக்கிட்டுப் போயி கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டிருக்கா!”

“விடு லா,” என்கிறான் கணவன் திருச்செல்வம். “கேஸ் குளோஸ்னு சொல்லிட்டானுங்க. டிரைகிளீன் போட்டுப் புதுசுன்னு வித்துடு.”

“கட்டுன சேலையப் புதுசுன்னு விக்க நான் என்ன அவளா?”

ஊக்கைக் கழற்றாமலே சேலையைக் கம்பியில் தொங்கவிடுகிறாள். வட்ட விளக்கின் வெள்ளை வெளிச்சம் கறைமேல் விழுகிறது. கைப்பேசியில் அன்றாட விற்பனை நேரலை தொடங்குகிறது. “வணக்கம்க்கா. இன்னிக்கு மொத சேலை விக்கிறதுக்கு இல்ல, பாக்குறதுக்கு மட்டும்.” யார் பெயரையும் அவள் சொல்லவில்லை. பார்க்க வருகிறவர்களின் பெயர்கள் திரையோரத்தில் ஒவ்வொன்றாக ஏறுகின்றன. நடுவே, புகார் போட்டவளின் பெயர். உஷாராணி முந்தானையைக் கேமராவுக்கு இன்னும் நெருக்கமாக நீட்டுகிறாள்.

“வாங்கக்கா. கலரு இப்ப சரியாத் தெரியுதா?”