டிக்கெட் இருந்த பக்கம்

"கொலைகாரன் யாருன்னு மட்டும் சொல்லிடாதீங்க. நீங்க என்னைவிட ரொம்ப முன்னாடி போயிட்டீங்க," என்றாள் மனைவி, துவைத்த துணிகளை மடித்தபடி.

மாதக்கணக்கில் சூரியனே எட்டிப்பார்க்காத பனி தேசத்தில் நடக்கும் துப்பறியும் நாவல் அது. இருவரும் ஒரே புத்தகத்தைத்தான் படித்தார்கள். பக்க அடையாளத்துக்கு அவளுக்கு ரிப்பன், அவனுக்குப் பழைய பஸ் டிக்கெட்.

"நீ எதுவரைக்கும் வந்திருக்கே?" என்றான் கணவன்.

"வீடு பூட்டியிருக்கு. சுத்தியும் பனி, ஒரு கால்தடம்கூட இல்ல. அப்புறம் எப்படி அவன் உள்ள வந்தான்? மண்டை காயுது!"

அவன் அசடு வழிந்தான். "எனக்கெப்படித் தெரியும்? மூணாவது அத்தியாயத்துலயே பயந்துபோய் மூடி வச்சிட்டேன். சொன்னா நீ கலாய்ப்பேன்னு சொல்லல."

"விளையாடாதீங்க. உங்க டிக்கெட் தினமும் நகருதே?"

"சத்தியமா நான் தொடவே இல்ல."

அவள் புத்தகத்தை எடுத்து, டிக்கெட் இருந்த பக்கத்தைப் பிரித்து, முதல் வரியை வாய்விட்டுப் படித்தாள்.

'அவன் வெளியிலிருந்து வரவே இல்லை. இத்தனை நாளும் பரணில்தான் இருந்தான்.'

படித்துவிட்டு நிறுத்தினாள்.

தலைக்கு மேலே, பரணிலிருந்து யாரோ 'உம்' கொட்டினார்கள்.