இருநூற்றோராவது மீட்டர்

"நாடாவ நல்லா இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்க சேர். தொய்ய விட வேணாம்" என்றார் ஸெய்னுதீன்.

அளக்க வந்த குணரத்தினம் நாடாவின் மேல் குனிந்தார். இழுத்தால் தூரம் கூடும் என்று இந்த மனுசன் நினைக்கிறார் போலும். காலையிலிருந்து இறக்கக்கண்டிக் கிராமத்தில் வீட்டுக்கு வீடு ஒவ்வொரு வித்தையாகப் பார்த்து அவருக்கு அலுத்துவிட்டது.

சுனாமி வந்து மூன்று மாதம். கடலிலிருந்து இருநூறு மீட்டருக்குள் இனி யாரும் வீடு கட்டக் கூடாது என்று கொழும்பிலிருந்து புதுச் சட்டம் வந்திருந்தது. பிரதேச சபை முன்பு கொடுத்த அனுமதி எதுவும் செல்லாது.

அந்த இருநூறு மீட்டர்க் கோட்டுக்கு வெளியே என்றால் பழைய அத்திவாரத்திலேயே கட்டித் தருவார்கள். வேறு இடம் கிடையாது. உள்ளே என்றால் காணியை விட்டுவிட்டு, நாலு மைல் கட்டை தள்ளிக் காட்டோரம் கொடுக்கிற வீட்டுக்குப் போக வேண்டும். அளந்து எழுதுவதுதான் குணரத்தினத்தின் வேலை.

பக்கத்து வளவு பரீனாவுக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்பது வந்தது.

"ஒரு மீட்டருக்கு என்னக் காட்டுக்கு அனுப்புறீங்களா? உங்கட காணியெண்டா இப்பிடித்தான் அளப்பீங்களா?" என்று மண்ணை அள்ளி எறிந்தாள். அந்த மண் அவர் சட்டையில் இன்னும் ஒட்டியிருந்தது. வேலியோரம் நின்று அவள் இப்போதும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸெய்னுதீன் அவளை ஒருமுறை பார்த்துவிட்டுக் கிட்ட வந்தார். "சேர், ஒரு உதவி..."

"வேண்டாம் நானா. எல்லாரும் கேக்கிற உதவிதானே. ஒண்டும் கதையாதேங்கோ. என்னால ஏலாது."

ஸெய்னுதீன் பின்னால் நகர்ந்து நின்றார்.

வீட்டில் மிஞ்சியது அத்திவாரமும் குசினிப் படியும்தான். நாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்த தவராசா, கடலிலிருந்து மூன்று ஐம்பது அளந்து, நூற்றைம்பதில் முளை அடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"எப்ப கட்டின வீடு?" பேச்சுக்குக் கேட்டார் குணரத்தினம்.

"தொண்ணூறுல சண்டைக்கு ஓடிட்டு, திரும்பி வந்து கட்டின. கல்லெல்லாம் நானும் என்ட மனுசி அசனாவும் தலையில சுமந்த."

"மனுசி இப்ப எங்க?"

கடலுக்கு முதுகைக் காட்டியபடியே ஸெய்னுதீன் குசினிப் படியைக் காட்டினார். "கடல் வந்த அண்டைக்கு அவளயும் மகளையும் மையத்தா இதுக்குள்ளதான் எடுத்த."

குணரத்தினம் குனிந்து நாடாவைப் பார்த்தார். முளையிலிருந்து அத்திவாரம் நாற்பத்தெட்டில் நின்றது.

"நூற்றுத் தொண்ணூற்றெட்டு நானா. உள்ளுக்குத்தான்."

ஸெய்னுதீன் அப்படியே படியில் குந்திவிட்டார். கண்களை மூடிக்கொண்டார். நீளமாக ஒரு மூச்சு வந்தது. ஏசவில்லை, கெஞ்சவில்லை. "எழுதுங்க சேர். எழுதிப்போடுங்க" என்றார்.

காலையிலிருந்து ஏச்சுக்கெல்லாம் கல்லாக நின்ற குணரத்தினத்துக்கு இது தாங்கவில்லை. மண் அள்ளி எறிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. மனைவியோடு கல் சுமந்து கட்டிய இடம். அதையும் பிடுங்குவதற்கா இந்த உத்தியோகம்?

நேரம் மூன்றரை. நாலு மணிக்கு முன் சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டும்.

"தவராசா, கொஞ்சம் தளர விடும்."

தவராசா அவரை வியப்போடு பார்த்துவிட்டு, முனையை முளையிலேயே வைத்தபடி பிடியைத் தளர்த்தினார். நாடா மணலில் வளைந்து விழுந்தது. இருநூற்றொன்று. மூன்று பிரதியிலும் எழுதி, கையெழுத்து வைத்து, முத்திரையும் குத்தினார். குத்தியபின் அடிக்கவோ திருத்தவோ முடியாத படிவம்.

ஒரு பிரதியைக் கிழித்து ஸெய்னுதீனின் கையில் வைத்து, வேலியோரம் நின்ற பரீனாவுக்குக் கேட்காதபடி குனிந்து சொன்னார்: "வெளியில போட்டிட்டன் நானா. இனி உங்களை இந்த இடத்தை விட்டு ஒருத்தரும் எழுப்ப ஏலாது."

ஸெய்னுதீன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அன்று முதல் தடவையாக, கடலின் பக்கம் திரும்பினார்.

"நான் கேக்க வந்த உதவி, என்னய உள்ளுக்குப் போடச் சொல்லித்தான் சேர்."